பழைய டிரைவர்

அவளுடைய குரலை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். அவள் பேசிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேச வைக்கிற டப்பிங் கூடத்தில் அவளுக்கு வேலை. பிரசவ வார்டில் அலறுவது அவள். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் 'காப்பாத்துங்க' என்று இரண்டாவதாகக் கத்துவது அவள். கதாநாயகிக்கு வசனம் பேசுகிற அம்மாள் வேறு. வசனம் முடிந்து அழுகை தொடங்கியதும், அந்த அம்மாள் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு நாற்காலிக்குப் போய்விடுவார். இவள் வந்து நின்று தேம்புவாள். கூடத்தில் அவளை எல்லாரும் 'அழுகாச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

ஒரு நாள் இடைவேளையில், "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஃபேன் நின்றது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டப்பிங் டைரக்டர் தேநீர்க் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்.

அதன் பலனாகத்தான் நீதிபதி வேடம் அவளைத் தேடி வந்தது. கோர்ட்டு கேஸ் தொடர். நீதிபதி ஒரு பெண். சிரிக்க மாட்டாள், அழ மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருவாள். டைரக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கூடத்தில் மேற்கூரை ஒழுகி மராமத்து வேலை நடப்பதால், தீர்ப்புக் காட்சி ஒன்றை அவள் வீட்டிலேயே பதிவு செய்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் வேடம் அவளுக்கு. இல்லாவிட்டால் இன்னொரு பெண் தயாராக இருக்கிறாள்.

படுக்கையறைத் துணி அலமாரிதான் ஸ்டூடியோ. கீழ்த்தட்டைக் கழற்றி, நாலு பக்கமும் போர்வை தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், படம் பார்க்க ஒரு சின்னத் திரை. மைக்கிலிருந்து வருகிற கம்பி கைக்கடக்கமான ஒரு சிவப்புப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து வெளியே கட்டிலின் மேல் இருக்கும் லேப்டாப்புக்குப் போனது. இத்தனையும் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி வாங்கித் தந்து, மாட்டித் தந்துவிட்டுப் போனது.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். இத்தனை வருட சர்வீஸில் ஒரு டிரிப்பைக்கூடத் தாமதமாக எடுத்ததில்லை என்று அவர் சொல்லுவார். சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அன்று அவருக்கு வார விடுமுறை. காலையிலேயே குளித்து, தலை சீவி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"நீ உள்ள ஏறு. வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் உள்ளே ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. அவர் பட்டனை அழுத்தினார்.

திரையில் நீதிபதி வாயைத் திறந்தாள். "இந்த நீதிமன்றம்" என்று இவள் தொடங்கினாள். ஹெட்போனில் ஒரு கணம் கழித்து இன்னொருத்தி "இந்த நீதிமன்றம்" என்றாள். யாரோ பின்னால் நின்று வாயைக் கோணி நக்கல் பண்ணுவது போலிருந்தது. தன் குரல் வந்து சேரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அதற்குள் திரையில் நீதிபதி அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அவளைப் பிடிக்க இவள் ஓடினாள். ஹெட்போன்காரி இருவரையும் பிடிக்கப் பின்னால் ஓடி வந்தாள்.

பதிவை அனுப்பியதும் டைரக்டரிடமிருந்து பதில் குரல்செய்தியாக வந்தது. குரல் நன்றாக இருக்கிறதாம். ஆனால் நீதிபதி எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் தீர்ப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறதாம்.

கணவர் பதிவு முழுவதையும் மவுஸால் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். முதல் வரி உதட்டில் போய் ஒட்டியது. மூன்றாவது வரி விலகிப் போனது. அவள் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு அளவு காத்திருந்திருக்கிறாள். ஹெட்போனில் அவள் குரலே வராமல் நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. நிறுத்தினார். தன் குரல் காதில் விழாததும், பழக்க தோஷம், அவள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிற அளவுக்குக் குரலை ஏற்றிவிட்டாள். தீர்ப்பு கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அப்போதுதான் இதையெல்லாம் மாட்டிய மச்சான், அவள் தம்பி, போகும்போது சொன்ன பஃபர் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அவள் பேசுவதை லேப்டாப் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, சேர்ந்ததும் மொத்தமாக அனுப்பும். எவ்வளவு சேர வேண்டும் என்கிற எண்தான் பஃபர். கணவருக்கு இது சட்டென்று புரிந்தது.

"பஸ் நெறையட்டும்னு ஸ்டாண்டுலயே நிக்குது. அதான் லேட்டு" என்றார். தனியார் பஸ்காரர்களைப் பற்றிப் பேசும் அதே முகத்தோடு எண்ணைக் கீழே இறக்கினார்.

குரல் வேகமாக வந்தது. கூடவே பொட்டுப் பொட்டென்று ஒரு சத்தமும் வந்தது. டைரக்டர் கேட்டுவிட்டு இரண்டே வார்த்தையில் பதில் அனுப்பினார்: "பொரியுதும்மா குரல்."

அலமாரிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பொரியுதாம்" என்றாள் அவள்.

கணவர் எழுந்து நேரே சமையலறைக்குப் போனார்.

சமையலறையில் அவருடைய அப்பா இருந்தார். பணி ஓய்வு பெற்றதும் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர். அந்த நேரத்தில் மின்சார அடுப்பில் உருளைக்கிழங்கைப் பொரித்துக்கொண்டிருந்தார். சத்தம் மைக்கில் விழுகிறது, நிறுத்துங்கள் என்று மகன் சொன்னார். இரண்டு சுவரும் ஒரு அலமாரியும் நாலு போர்வையும் தாண்டியா என்று அப்பா கேட்டார். டைரக்டரே சொல்லிவிட்டார், பொரிகிறதாம் என்றார் மகன். அப்பா அடுப்பை அணைத்தார். திரும்பவும் பதிவு செய்தார்கள். திரும்பவும் பொரிந்தது. ஆனால் போய் அதைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

"என் அடுப்பு உன் பொண்டாட்டி தீர்ப்புக்கு இடைஞ்சல்னா நான் ஹாலுக்கே போயிடறேன்" என்று அப்பா அடுப்பையும் வாணலியையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.

கணவர் மச்சானுக்குச் செய்தி அனுப்பினார்: குரல் தாமதமாக வருகிறது, எண்ணைக் குறைத்தால் பொரிகிறது, என்ன செய்ய. மச்சானுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம். பிரிண்டர் வாங்க வந்தவரிடம் பேசிக்கொண்டே ஒரு கையால் பதில் அடித்தான்.

'அத்தான், இது டிரைவர் பிரச்சினை. பழைய டிரைவர். இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணினாலும் லேட்டாத்தான் வரும். மொதல்ல அதைத் தூக்கிடுங்க. புது டிரைவர் நான் அனுப்பறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க.'

கணவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பழைய என்பதைக்கூட அவர் மன்னித்திருப்பார். முடி நரைத்தது உண்மைதான். 'லேட்டாத்தான் வரும்' என்ற இடத்தைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. வெயில், மழை, ஊர்வலம், பஞ்சர், எல்லாவற்றையும் மீறி நேரத்துக்கு வண்டி எடுத்த மனிதரைப் பார்த்து, பொண்டாட்டியின் தம்பி, பிரிண்டர் விற்கிற பயல், சொல்கிற வார்த்தை. போதாததற்கு 'அதை'. 'அவரை' என்றுகூட எழுத மனம் வரவில்லை.

அவர் நாற்காலியை உள்ளே தள்ளிவைத்தார். லேப்டாப்பின் மேல் கிடந்த தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ஹாலுக்குப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினார். வீட்டில் கோபித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

அலமாரிக்குள் இருந்தவளுக்கு இது தெரியாது. பட்டனை அழுத்தியிருப்பார் என்று நம்பித் தீர்ப்பை முழுவதுமாக வாசித்தாள். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை வாசித்தாள். பதில் சத்தம் வராததால் கதவைத் திறந்தாள். நாற்காலி காலி.

"ரெக்கார்ட் ஆச்சாங்க?" என்று ஹாலுக்கு வந்து கேட்டாள்.

"புது டிரைவர் வருவாரு. அவர வச்சுப் பண்ணிக்கோ."

"எந்த டிரைவர்?"

"எனக்கென்ன தெரியும். உன் தம்பி அனுப்பறானாம். நான் பழசாம். என்னை வச்சுக்கிட்டு என்ன பண்ணினாலும் லேட்டாத்தான் வருமாம்." அவர் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோலோடு பாதிக் கிழங்கும் போய்க்கொண்டிருந்தது.

"உன்னையா லேட்டுன்னான்?" என்றார் அப்பா. மகன் மேலிருந்த கோபத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "நான் பொரியறேன். நீ லேட்டு. வேற யாராவது மீதி இருக்காங்களா இந்த வீட்டுல?"

அவள் கணவரின் ஃபோனை வாங்கிப் படித்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சுவரில் மணி நாலரையைத் தாண்டியிருந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"அத்தான், நான் உங்களச் சொல்லல அத்தான்" என்றான் தம்பி. "லேப்டாப்புக்கு உள்ள ஒரு டிரைவர் இருக்கு. சின்ன சாஃப்ட்வேர். அந்தச் சிவப்புப் பெட்டிய ஓட்டறது அதுதான்."

"ஓட்டறது அதுவா?"

"ஆமா அத்தான்."

"அப்ப காலையிலேர்ந்து நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?"

தம்பி தயங்கினான். "நீங்க... ரெக்கார்ட் பட்டன அழுத்தறீங்க."

"அப்ப நீ கண்டக்டர்டா" என்றார் அப்பா.

முதல் அவமானமே தேவலை என்று கணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருந்தாலும் எழுந்து வந்தார். மனைவியின் கை ஃபோனைப் பிடித்திருந்த விதம் அவருக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்கள் கம்பியை அப்படித்தான் பிடிப்பார்கள். மீண்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

தம்பி ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். அந்தச் சிவப்புப் பெட்டிக்கென்றே அதைச் செய்தவர்கள் எழுதிய டிரைவர் தனியாக உண்டாம். அதைப் போட மறந்துவிட்டு, லேப்டாப்போடு வந்த பொதுவான டிரைவரிலேயே தம்பி விட்டுப் போயிருக்கிறான். அது எல்லாப் பெட்டிகளையும் ஏதோ ஓட்டும், எதையும் ஒழுங்காக ஓட்டாது. இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

பழைய டிரைவரை நிச்சயமாக நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது. கணவரின் விரல் பட்டன் மேலேயே நின்றது.

"இவ்வளவு நாள் ஓட்டியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்ப மாட்டாங்களா?"

"என்னங்க, மணியப் பாருங்க."

அழுத்தினார். லேப்டாப் அணைந்து, யோசித்து, எழுந்து வந்தது. புது டிரைவர் பொறுப்பேற்றது. அவள் அலமாரிக்குள் போய் "ஒண்ணு ரெண்டு மூணு" என்றாள். நக்கல்காரியைக் காணோம். அவள் சொன்ன அந்த நொடியே அவள் குரல் அவள் காதில் இருந்தது. ஆனால் நடுவில் பொட்டுப் பொட்டென்று பொரிவது மட்டும் போகவில்லை.

பஃபரை ரொம்பக் கீழே வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள் என்றான் தம்பி. வைத்தார்கள். பொரிந்தது. பின்னால் வேறு ஏதாவது ஓடுகிறதா என்றான். எல்லாவற்றையும் மூடினார்கள். பொரிந்தது. கடைசியில், சார்ஜர் சொருகியிருக்கிறதா என்று கேட்டான். பேட்டரியில் ஓடினால் லேப்டாப் சிக்கனம் பிடிக்குமாம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குமாம், அந்த இடைவெளிகள்தான் காதுக்குப் பொரிகிற சத்தமாக வருமாம்.

"காலையிலயே நான் சொருகிட்டேன்" என்றார் கணவர், தான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியமாவது இருக்கிறதே என்ற நிம்மதியில். இருந்தாலும் கம்பி போன வழியே போய்ப் பார்த்தார். அது கட்டிலுக்கு அடியில் நுழைந்து, கதவைத் தாண்டி, ஹாலில் இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டுக்குப் போனது. அங்கே சார்ஜரின் ப்ளக் தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் இடத்தில் அடுப்பின் ப்ளக் இருந்தது. அடுப்பின் மேல் உருளைக்கிழங்கு பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

"அப்பா, இத யாரு புடுங்கினது?"

"ஏதோ ஒரு ப்ளக்கு. விளக்கு ஒண்ணும் அணையலையே, வேண்டாததுன்னு நெனச்சேன்." அப்பா கரண்டியை நிறுத்தினார். விஷயம் மெதுவாக அவருக்குப் புரிந்தது. "அப்போ நெஜமாவே நான்தான் பொரிய வச்சேனா?"

காலையில் செய்யாத குற்றத்துக்கு வாங்கிய தண்டனை வீண்போகவில்லை. அப்பா அடுப்பை அணைத்தார். சார்ஜர் தன் இடத்துக்குத் திரும்பியது. குரல் துடைத்து வைத்த கண்ணாடியாய் வந்தது.

கணவர் பட்டனை அழுத்தினார். திரையில் நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இவள் தீர்ப்பைத் தொடங்கிவிட்டாள். நீதிபதி வாயைத் திறந்தபோது இவள் இரண்டாவது வரியில் இருந்தாள். நீதிபதி முடிக்கும்போது இவள் முடித்து, எச்சில் விழுங்கி, காத்துக்கொண்டிருந்தாள்.

பகல் முழுக்கத் தாமதமாக வந்த குரலைத் துரத்தித் துரத்தி, முன்கூட்டியே பாய்வது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான். மூன்றாவது தடவை இன்னும் சீக்கிரம்.

தம்பியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பார். எடுத்தாலும் கேட்க ஒன்றுமில்லை. டிரைவர் சரி, பஃபர் சரி, சார்ஜர் சரி. குறை சொல்ல மெஷின் எதுவும் மிச்சமில்லை. அலமாரிக்குள் ஸ்டூலில் அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கத்தத்தான் வரும் போலிருக்குங்க" என்றாள். "பேச வராது. டைரக்டர் ஏதோ ஃபேனப் பாத்து ஏமாந்துட்டாரு."

கணவர் அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. தெரிந்ததைச் சொன்னார்.

"ஸ்டாப்புல ஒரு ஆள் ஏறினா, அவர் உக்கார்ற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன். கண்ணாடியில பாப்பேன். கம்பியப் பிடிச்சாச்சா, பையை மடியில வச்சாச்சா, அப்புறம்தான் கியர். நீ அந்தம்மா வாயப் பாத்துக்கிட்டே நிக்கற. வாய் தெறக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு பாரு."

அவள் காட்சியைப் பின்னுக்கு ஓட்டிச் சத்தமில்லாமல் பார்த்தாள். நீதிபதி கண்ணாடியை வைத்தாள். தோள்கள் லேசாக உயர்ந்தன. மூச்சு. அப்புறம்தான் உதடு.

மூச்சைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை கதாநாயகிகளுக்காக அழுதிருக்கிறாள். முகத்தைப் பார்த்து, அவர்கள் மூச்சை இழுக்கும்போது தானும் இழுத்து, அவர்கள் உடையும்போது தானும் உடைந்து. அழுகைக்கு அது வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, பேச்சுக்கும் அதுதான் என்று இதுவரை தோன்றவில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லையே.

"கதவச் சாத்துங்க" என்றாள்.

ஃபேனை நிறுத்திய அதே குரல். கணவர் சாத்தினார். ஹாலில் அப்பா, யாரும் சொல்லாமலே, வாணலியை மூடி வைத்தார்.

திரையில் தோள்கள் உயர்ந்தன. இவளுடையதும் உயர்ந்தன. "இந்த நீதிமன்றம்" என்று இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். எவருக்கும் அவசரமில்லை. நீதிபதி ஓரிடத்தில் நிறுத்திக் குற்றவாளிக் கூண்டைப் பார்த்தாள். இவளும் நிறுத்தி, தொங்குகிற போர்வையைப் பார்த்தாள். கடைசிச் சொல்லில் இரண்டு வாயும் ஒன்றாக மூடின. கணவர் பட்டனை அழுத்திய விரலை எடுக்காமலே இருந்தார். பிறகு கேட்டுப் பார்த்தார்கள். பொரியவில்லை. பிந்தவில்லை. முந்தவில்லை. ஆறு அடிக்கச் சற்று முன்னால் அனுப்பினார்கள்.

டைரக்டர் இந்தத் தடவை செய்தி அனுப்பவில்லை, கூப்பிட்டார். மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டார்கள். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நீதிபதி இவள்தான், செவ்வாய்க்கிழமை அடுத்த காட்சி வரும், இதே அலமாரியில் இதே மாதிரி பண்ணினால் போதும் என்றார்.

"அப்புறம் இன்னொண்ணும்மா. டைட்டில்ல பேர் போடணும். எப்படிப் போடணும்னு சொல்லிடுங்க."

அலறுகிறவர்களின் பெயரை டைட்டிலில் யாரும் போட்டதில்லை. தன் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்று இதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கூடத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது.

மாமனாருக்கு இதில் சந்தேகமே இல்லை. குடும்ப இனிஷியலோடுதான் போட வேண்டும் என்றார், அடுப்பை இரண்டு தடவை அணைத்தவன் என்ற உரிமையில். கணவர் இனிஷியல் யாருக்குப் புரியும், பேருக்குப் பின்னால் தன் பெயரை முழுதாகச் சேர்த்துவிட்டால் தெளிவாக இருக்கும் என்றார். கண்டக்டர் பெயரையெல்லாம் யார் டைட்டிலில் போடுவார்கள் என்று அப்பா கேட்டார். டிப்போவில் எல்லாரும் பார்ப்பார்கள் என்றார் மகன். ஃபோனில் டைரக்டர் இரண்டு முறை ஹலோ என்றார்.

அவள் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தாள். அலமாரிக்குள் ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். ஒரு மூச்சு எடுத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

வெளியே அப்பாவும் மகனும் கதவில் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக்கொண்டு, இனிஷியல் சேர்த்தாளா இல்லையா என்று கேட்கப் பார்த்தார்கள். நாலு பக்கமும் போர்வை. ஒன்றும் கேட்கவில்லை.